தாம் அணியாத பூணூலுக்காக

டில்லி சாந்தினி சௌக்கில், 1675-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான குரு தேக் பகதூரின் தலை முகலாய அரசின் ஆணைப்படி துண்டிக்கப்பட்டது. அவருடன் சிறைப்பட்டிருந்த பாயி மதி தாஸ், பாயி சதி தாஸ், பாயி தயாலா ஆகிய மூவரும் அவருக்கு முன்பே கொல்லப்பட்டிருந்தனர். குருவின் தலையை பாயி ஜைதா என்ற தொண்டர் எவரும் அறியாமல் எடுத்துக்கொண்டு ஆனந்தபூர் சேர்ந்தார். உடலை லக்கி ஷா என்ற வணிகர் தம் இல்லத்திற்குக் கொண்டுபோய், காவலர்களுக்கு ஐயம் எழாதிருக்க, இல்லத்தோடு சேர்த்தே தீ மூட்டினார் என்று சீக்கிய மரபு கூறும். தலை வீழ்ந்த இடத்தில் சீஸ் கஞ்ச், உடல் எரிந்த இடத்தில் ரக்காப் கஞ்ச் என இரு குருத்வாராக்கள் இன்றும் டில்லியில் விளங்குகின்றன. 2025 நவம்பரில் இந்தத் தியாகத்தின் 350-ஆம் ஆண்டு நாடெங்கும் நினைவுகூரப்பட்டது.

எதற்காக இந்த மரணம்? காஷ்மீரப் பண்டிதர்கள் சிலர் கிருபா ராம் என்பவரின் தலைமையில் அந்த ஆண்டு ஆனந்தபூர் வந்து, கட்டாய மதமாற்றத்தின் நெருக்கடியிலிருந்து தங்களைக் காக்குமாறு வேண்டினர். குரு அவர்களுக்காகத் தம் உயிரையே முன்வைத்தார் என்பது சீக்கியர்களின் உறுதியான நினைவு. அவருடைய திருமகனார் குரு கோவிந்த் சிங்கின் வாழ்க்கையைத் தன்மையில் கூறும் 'பச்சித்தர் நாடக்' என்ற நூல், திலகத்தையும் பூணூலையும் காத்த செயலாகவே அந்தத் தியாகத்தைப் போற்றுகிறது. பாரசீக மொழியில் எழுதப்பட்ட வரலாறுகள் வேறு காரணங்களைச் சொல்கின்றன; வரலாற்றாசிரியர்களிடையே இது குறித்து விவாதம் உண்டு. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். தன் குருவின் மரணத்திற்கு இன்னதே காரணம் என்று ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாக நெஞ்சில் ஏந்தி வருமானால், அந்தக் காரணமே அதன் அறவாழ்வை வடிவமைக்கிறது. ஆதலின் அந்த நினைவை அப்படியே எடுத்துக்கொண்டு ஆராய்வது தகும்.

ஆராயப் புகுந்தால் முதலிலேயே ஒரு சிக்கல் எதிர்ப்படுகிறது. சீக்கியர்கள் பூணூல் அணிவதில்லை. குரு நானக் சிறுவனாக இருந்தபோது உபநயனத்திற்கு எல்லாம் ஆயத்தமாகியும், அந்த நூலை ஏற்க மறுத்துவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 'ஆசா தீ வார்' என்ற பாடல் தொகுதியில் இதே கருத்து வருகிறது. கருணை, மனநிறைவு, வாய்மை போன்ற பண்புகளால் ஆன அகப் பூணூலைத்தான் அவர் கேட்கிறார். பருத்தி நூல் அறுந்துபோகும், அழுக்கடையும், இறந்தவனோடு எரிந்தும் போகும் என்று தள்ளிவிடுகிறார். அந்தத் தொகுதி குருத்வாராக்களில் விடியற்காலையில் பாடப்படுவது. ஆக, எந்த நூலின் வெறுமை நாள்தோறும் வைகறையில் பாடப்படுகிறதோ, அதே நூலுக்காக அந்த வழிவந்த ஒன்பதாமவர் தலையைக் கொடுத்திருக்கிறார்.

தான் ஏற்காத ஒரு நம்பிக்கைக்காக ஒருவன் உயிரை விடலாமா? விட்டால் அது முரண்பாடு ஆகாதா? தன் சமயத்திற்காக உயிர் நீத்த தியாகிகள் எல்லாச் சமயங்களிலும் உண்டு. அவர்களுடைய செயலை விளங்கிக்கொள்வது எளிது. இது அப்படிப்பட்டதன்று.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படும். சீக்கியமும் இந்து தர்மத்தின் ஒரு கிளையே. எனவே குரு தம் சொந்தப் பூணூலுக்காகவே உயிர் கொடுத்தார் என்பது ஒன்று. இந்த விடையில் சிக்கல் தீர்வதில்லை, மறைக்கப்படுகிறது. நானக்கின் மறுப்பை அது கேளாதது போல் இருந்துவிடுகிறது. அது வெறும் அரசியல் எதிர்ப்பு, பூணூல் ஒரு சாக்கு என்பது மற்றொன்று. இந்த விடை குருவையே சிறுமைப்படுத்துகிறது. உண்மையான விடையைச் சீக்கியர்களின் திருமறையிலேயே தேட வேண்டும். அது சொல்லும் கருத்துகளோடு, அது தொகுக்கப்பட்ட முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறர் பெயர் அழியாத மறை

ஐந்தாவது குருவான குரு அர்ஜன் தேவ் ஆதி கிரந்தத்தைத் தொகுத்து, 1604-இல் அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாஹிபில் எழுந்தருளச் செய்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பாயி குர்தாஸ். பின்னர் குரு தேக் பகதூரின் பாடல்களும் அதில் சேர்க்கப்பட்டன. 1708-இல் நாந்தேடில் உடலை நீப்பதற்குமுன் குரு கோவிந்த் சிங், மனித குருமார்களின் வரிசை தம்மோடு முடிந்தது, இனி இந்தக் கிரந்தமே குரு என்று அறிவித்தார். அன்றுமுதல் அது 'குரு கிரந்த சாஹிப்'. இன்று அச்சில் வழங்கும் நூலுக்கு 1430 பக்கங்கள். பக்கம் என்று சொல்லாமல் 'அங்கம்' என்பர் சீக்கியர். உயிருள்ள குருவின் திருமேனிக்குத்தானே அங்கங்கள்!

அதில் ஆறு குருமார்களின் பாடல்கள் இருக்கின்றன. அறுவருமே தங்கள் பாடல்களில் 'நானக்' என்றே முத்திரை வைத்தனர். எந்தப் பாடல் எவருடையது என்பதை 'மஹலா 1', 'மஹலா 3' என்ற எண் குறிப்பால்தான் அறிய முடியும். தன் பெயரைக் குருவின் பெயரில் கரைத்துவிடுவது சீடனுக்குரிய இலக்கணம், இதில் வியப்பில்லை.

வியப்பு இனிமேல்தான். கிரந்தத்தில் குருமார்கள் அல்லாத 15 பக்தர்களின் பாடல்களும் உள்ளன. அவர்கள் பெரும்பாலும் குரு நானக்கிற்கு முன்பு வாழ்ந்தவர்கள். வெவ்வேறு நிலப்பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சீக்கியம் என்ற சொல்லையே அறியாதவர்கள். காசியின் நெசவாளர் கபீர், தோல் வேலை செய்த ரவிதாஸ், மராட்டிய நாட்டின் நாமதேவர், உழவர் தன்னா, நாவிதர் சைன், கசாப்புத் தொழில் செய்த சதனா, அரச வாழ்வைத் துறந்த பீபா என்று அந்த வரிசை செல்கிறது. அவர்களுள் பஞ்சாபின் பாக்பட்டனில் வாழ்ந்த முஸ்லிம் சூஃபி ஞானி ஷேக் ஃபரீதும் ஒருவர். கபீரின் பாடல்கள் மட்டுமே ஐந்நூறுக்கு மேற்பட்டவை. இந்தப் பாடல்களில் 'நானக்' என்ற முத்திரை வைக்கப்படவில்லை. கபீர் கபீராகவே பாடுகிறார். ரவிதாஸ் தம் குலத்தை மறைக்காமல் ரவிதாஸாகவே பாடுகிறார். ஃபரீத் தம்மையே 'ஃபரீதா' என்று விளித்துக்கொண்டு பாடுகிறார்.

தன் பெயரை அழித்துக்கொண்டவர்கள் பிறர் பெயரை அழிக்கவில்லை. சமயங்களுக்கு இடையிலான நல்லுறவைப் பற்றி எவ்வளவோ பேசப்படுகிறது. இந்த ஒரு தொகுப்பு முறைக்கு நிகராக எதையும் எளிதில் காட்ட இயலாது. பொதுவாக நடப்பது இதற்கு நேர்மாறானது. பிறருடைய நல்ல கருத்தைக் கண்டால், 'இது எங்களிடம் ஏற்கனவே உள்ளது' என்று சொல்லி அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதைப் பலர் பரந்த மனம் என்று கருதுகின்றனர்.

இதன் நடைமுறைப் பொருளைக் காண அமிர்தசரஸுக்குச் செல்ல வேண்டும். இரவில் பல்லக்கில் எடுத்துச் செல்லப்பட்டு அகால் தக்தில் ஓய்வுகொள்ளும் குரு கிரந்த சாஹிப், வைகறையில் மீண்டும் ஹர்மந்திர் சாஹிபுக்கு எழுந்தருள்கிறது. நூல் விரிக்கப்படுகிறது. விரித்த இடத்தில் வரும் பாடல் அன்றைய 'ஹுகம்', அதாவது அன்றைய நாளுக்கான இறை ஆணை. அது நானக்கின் பாடலாக இருக்கலாம். கபீருடையதாகவோ ரவிதாஸுடையதாகவோ இருக்கலாம். எவருடையதாயினும் கூடியிருக்கும் அனைவரும் நெற்றி நிலத்தில் படப் பணிந்து அதை ஏற்கின்றனர். நிலவுடைமையாளனும் செல்வனும் செருப்புத் தைத்தவரின் சொல்லுக்குத் தலைவணங்குகிறார்கள். முஸ்லிம் ஃபக்கீரின் பாடலைத் தாங்கிய திருமறைக்குச் சாமரம் வீசப்படுகிறது. 'ஹுகம்' என்ற அந்தச் சொல்லே அரபு மொழியிலிருந்து வந்தது. சீக்கியத் தத்துவத்தின் ஆணிவேரான கருத்துக்கு, அதாவது அனைத்தையும் நடத்தும் இறைநியதிக்கு, குரு நானக் தேர்ந்தெடுத்த சொல் அது. அருளைக் குறிக்க அவர் மிகுதியும் ஆளும் 'நதர்' என்பதும் அரபுச் சொல்லே. அதே பாடல்களில் ராமன், ஹரி, கோவிந்தன் என்ற பெயர்களும் வருகின்றன. ஆனால் கிரந்தத்தின் ராமன் தசரதர் வீட்டில் பிறந்தவன் அல்லன். எங்கும் நிறைந்த, பிறப்பில்லாத, உருவமற்ற ஒருவன். பெயரைக் கண்ட மாத்திரத்தில் பொருளும் தெரிந்துவிட்டதாக மகிழும் வாசகர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

மறுப்பும் மறையில் உண்டு

இதுவரை சொன்னதைக் கொண்டு, எதையும் ஏற்கும் திறந்த மனம்தான் கிரந்தத்தின் சிறப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஃபரீதின் பெயரில் அமைந்த சலோகத் தொகுதியில் 130 சலோகங்கள் உள்ளன. அவற்றுள் 18 ஃபரீதுடையவை அல்ல. அவருடைய வரிகளுக்கு இடையே குருமார்கள் எழுதி வைத்தவை. வாழ்த்துரையோ விளக்கவுரையோ அல்ல. பல இடங்களில் அவை மறுமொழிகள்.

ஓரிடத்தில் ஃபரீத், தலைமயிர் கறுத்திருந்த காலத்தில் இறைவனை நாடாதவன் அது நரைத்தபின் நாடுவது அரிது என்று வருந்துகிறார். நிலையாமையை நினைந்து நடுங்கும் துறவியின் குரல் அது. அடுத்த சலோகம் மூன்றாவது குருவான குரு அமர்தாஸுடையது. கறுப்பானாலும் நரையானாலும் நினைப்பவனுக்கு இறைவன் எப்போதும் இருக்கிறான். அன்பு மனித முயற்சியால் வருவதன்று, அவன் கொடுக்க வருவது என்பது அதன் கருத்து. அதுவும் 'ஃபரீதா' என்று விளித்தே தொடங்குகிறது! இதை எழுதியவர் யார் என்பதை நினைத்தால் இந்த மறுமொழியின் சுவை கூடும். குரு அமர்தாஸ் முதுமையில்தான் குரு அங்கதரின் திருவடியை அடைந்தார். 1552-இல் குருபீடம் ஏறியபோது அவருக்கு வயது 73. நரைத்த தலையின்மீதும் அருள் இறங்கும் என்பது அவர் தம் வாழ்விலேயே கண்ட செய்தி.

வேறோரிடத்தில் ஃபரீதின் சலோகம் உடலைக் கடுமையாக வருத்தியேனும் காதலனாகிய இறைவனை அடையத் துடிக்கிறது. உடல் என்ன குற்றம் செய்தது, அவனை உனக்குள்ளே பார் என்று நானக்கின் சலோகம் உடனே தடுக்கிறது. இல்லறத்தில் இருந்துகொண்டே இறைவனை நாடும் நானக்கின் வழிக்கும், கடுந்தவம் புரிந்த சூஃபியின் வழிக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்த இரண்டு சலோகங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

தொகுப்பாசிரியர் மூன்றில் ஒன்றைச் செய்திருக்கலாம். தமக்கு ஒவ்வாத ஃபரீதின் சலோகத்தை நீக்கியிருக்கலாம், திருத்தியிருக்கலாம், ஏற்றதாகக் காட்டிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். எதையும் அவர் செய்யவில்லை. ஃபரீதின் குரலை முழுமையாக ஒலிக்கவிட்டார். தம் முன்னோரின் கருத்து வேறுபாட்டையும் மறைக்காமல் அருகிலேயே வைத்தார். வணங்கப்படுவது இரண்டும் சேர்ந்த அந்த ஏடுதான்.

எல்லாவற்றையும் அவர் சேர்த்துக்கொண்டார் என்றும் இல்லை. சூர்தாஸின் ஒரு பாடலில் முதல் அடி மட்டுமே கிரந்தத்தில் இருக்கிறது. இறைவனை வெறுத்தோரின் உறவை விடச் சொல்லும் அடி அது. அத்தகையோர் ஒருபோதும் திருந்தார் என்று பேசும் மற்ற அடிகள் சேர்க்கப்படவில்லை. அதன்பின் குரு அர்ஜன் தேவ் தாமே ஒரு பாடல் பாடி வைத்தார். எவரையும் மீளமுடியாதவர் என்று தள்ளிவிடக் குருவின் உள்ளம் இசையவில்லை என்று இதற்கு விளக்கம் தருவர். லாகூரிலிருந்து வந்த கான்ஹா, சஜ்ஜு, பீலு, ஷா ஹுசைன் ஆகிய நால்வரின் பாடல்களை அவர் ஏற்கவில்லை என்றும் மரபு உண்டு. அவர்களுள் கான்ஹாவின் பாடல் 'நானே அவன்' என்ற தொனியில் அமைந்திருந்ததாம்.

வேதாந்தம் பயின்ற அன்பர்களுக்கு இந்தச் செய்தி சற்று உறுத்தக்கூடும். உபநிடதத்தின் மகாவாக்கியம் சொல்வதும் அதுதானே என்று தோன்றும். மகாவாக்கியத்தின் 'நான்' அகங்காரம் அன்று, அகங்காரம் நீங்கியபின் எஞ்சும் ஆன்மா என்று வேதாந்தி விளக்கம் தருவார். அது சரியான விளக்கமே. சீக்கிய ஞானியும் சோதி சோதியில் கலப்பதைப் பாடுகிறார். ஆனால் 'ஹௌமை' என்ற நான்-உணர்வையே எல்லா நோய்க்கும் மூலமாகக் கண்ட மரபு அது; கலந்தபின்னும் 'நான்' என்று ஒரு வாய் பேசுமானால் அங்கே எச்சரிக்கை கொள்கிறது. இரு தரப்பிலும் ஆழம் இருக்கிறது. இந்த உரையாடல் இன்னும் முடியவில்லை. 'இதுவும் நம் அத்வைதமே' என்று கூறி அதை முடித்துவைப்பது நட்புபோல் தோன்றினாலும், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவதற்கு ஒப்பானது.

நூலும் வாளும்

இனி ஒன்பதாவது குருவின் செயலுக்குத் திரும்பலாம். அதற்குமுன் சிக்கலை இன்னும் சற்று இறுக்கிப் பார்க்க வேண்டும். பூணூல் எவருக்கும் தீங்கு செய்யாத வெறும் சடங்குப் பொருள் என்று சொல்லிவிட முடியாது. பலருக்கு அது மறுக்கப்பட்டது; சாதியின் எல்லைக்கோடாக அது நின்றது. நானக் அதை மறுத்ததற்கு இதுவும் காரணம் என்பதில் ஐயமில்லை. குருவின் தலையை ஆனந்தபூருக்குச் சுமந்து சென்ற பாயி ஜைதா, சமுதாயம் தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர். எந்த நூலைக் காக்க அந்தத் தலை வீழ்ந்ததோ, அந்த நூலை அணியும் உரிமையை எந்தப் பண்டிதரும் ஜைதாவுக்குத் தந்திருக்கமாட்டார்.

அப்படியானால் குரு காத்தது எதை?

நானக்கின் மறுப்பு எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால் விடை கிடைக்கும். உள்ளம் இல்லாமல் அணியும் நூலுக்குப் பயனில்லை என்பதே அவருடைய வாதம். முஸ்லிமிடமும் அவர் அவ்வாறே பேசினார். தொழுகையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. வாய்மையும் நேர்மையான உழைப்பில் வந்த உணவும் நல்லெண்ணமும் தொழுகைக்குள் இருக்கட்டும் என்றார். சமயத்தின் மதிப்பு அகத்தில் இருக்கிறது என்றால், அகத்தின் இசைவின்றி அணிவித்த பூணூல் எவ்வளவு பொய்யோ அவ்வளவு பொய், அகத்தின் இசைவின்றி அறுத்தெறிந்த பூணூலும். வாள்முனையில் நூலைக் கழற்றியவன் நானக்கின் உண்மையை உணர்ந்தவன் ஆகமாட்டான். அஞ்சியவன் மட்டுமே ஆவான். சிறுவன் நானக் சபையின் நடுவே மறுத்துப் பேச முடிந்தது. அந்த மறுப்புக்குப் பொருள் இருந்ததும் அதனால்தான். மறுக்கும் உரிமையும் ஏற்கும் உரிமையும் ஒரே உரிமை. பண்டிதரிடமிருந்து இரண்டாவது பறிக்கப்படுமானால், நானக்கின் சீடரிடம் முதலாவது மட்டும் நிலைத்திருக்க இயலாது.

எனவே நானக் பூணூலை மறுத்ததும், தேக் பகதூர் பூணூலுக்காக உயிர்விட்டதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒரே கொள்கை, காலத்தின் தேவைக்கேற்ப முதலில் 'வேண்டாம்' என்றும், பின்னர் 'தொடாதே' என்றும் பேசியது. சாதியின் எல்லைக்கோட்டை அழிக்க வேண்டாமா என்றால், அழிக்கத்தான் வேண்டும். அதற்கு லங்கர் இருந்தது. அரசனும் ஆண்டியும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். அதற்கு ரவிதாஸின் பாடலைத் தாங்கிய கிரந்தம் இருந்தது. பந்தியாலும் பாட்டாலும் அழிக்க வேண்டியதைக் கொலையாளியின் வாள் அழிக்க வந்தபோது, குரு அந்த வாளுக்குக் குறுக்கே நின்றார்.

பிறர் நம்பிக்கை என்ற பெயரில் நடக்கும் எதையும் காக்க வேண்டும் என்பதும் இதன் பொருளன்று. கணவனின் சிதையில் பெண்ணை எரிக்கும் வழக்கத்தைக் குரு அமர்தாஸ் ஐயத்திற்கு இடமின்றிக் கண்டித்தார். அந்தக் கண்டனமும் கிரந்தத்தில் இருக்கிறது. ஓர் உயிரைப் பறிக்கும் சடங்கிற்கு மனச்சான்றின் சுதந்திரம் அரணாக முடியாது.

குரு தேக் பகதூரின் 59 பாடல்களும் 57 சலோகங்களும் கிரந்தத்தில் உள்ளன. பற்றின்மையும் நிலையாமையும் அவற்றின் உயிர்மூச்சு. போர்க்குரலை அங்கே தேடினாலும் காண முடியாது. ஞானிக்கு அவர் வகுக்கும் இலக்கணத்தில், பிறருக்கு அஞ்சாமையோடு பிறரை அச்சுறுத்தாமையும் இணைந்தே வருகிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வீரர்கள் உலகில் ஏராளம். குருவின் தியாகத்தைச் சொல்லியே இன்னொரு சமயத்தாரை அச்சுறுத்த நினைப்போர் அந்த இலக்கணத்தைப் பாதியில் முறித்தவர்கள். ஃபரீதின் சலோகங்கள் கிரந்தத்தில் இருப்பதையும் மறந்தவர்கள்.

வீட்டின் அறையா, அண்டை வீடா?

தமிழ் வாசகர் பலருக்குச் சீக்கிய குருமார்கள் அறிமுகமானது பாரதியின் 'குரு கோவிந்தர்' பாடல் வழியே. அந்தப் பற்று உயர்ந்தது. ஆனால் நாடெங்கும் அன்பர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு வாக்கியம் சீக்கியர்களைப் பல காலமாக வருத்தி வருகிறது. 'நீங்களும் நாங்களும் ஒன்றே' என்பதே அது. 1898-இல் கான் சிங் நாபா என்ற அறிஞர், தாங்கள் இந்துக்கள் அல்லர் என்ற பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் எழுத நேர்ந்தது. ஓர் இந்துவும் ஒரு சீக்கியரும் உரையாடும் வடிவில் அது அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. தங்கள் திருமண முறைக்குச் சட்ட ஏற்பு வேண்டிப் பெற்ற ஆனந்த் திருமணச் சட்டம் 1909-இல் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ்த் திருமணங்களைப் பதிவு செய்வதற்கான திருத்தம் 2012-இல்தான் வந்தது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில், கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடுவது முதலிய சீர்திருத்தங்களின் பொருட்டு, 'இந்து' என்ற சொல் சீக்கியர், சமணர், பௌத்தர் ஆகியோரையும் குறிக்கும் என்று ஒரு விளக்கம் உள்ளது. அதன் நோக்கம் நல்லதாயினும், தங்கள் பெயர் இன்னொரு பெயருக்குள் அடக்கப்படுகிறது என்ற மனக்குறை சீக்கியர் பலருக்கு உண்டு.

இந்த மனக்குறையை நன்றிகெட்ட பிரிவினை உணர்ச்சி என்று எண்ணுவது எளிது, அது பிழை. உறவு மறுக்கப்படவில்லை. பஞ்சாபில் ஒரே குடும்பத்தில் ஒரு மகன் சீக்கியராகவும் மற்றவர்கள் இந்துக்களாகவும் வளர்ந்ததுண்டு. சிந்தி இந்துக்கள் தங்கள் கோயில்களில் குரு கிரந்த சாஹிபை வைத்து வணங்குகின்றனர். நெருங்கிய உறவு என்பதற்காகவே ஒருவருடைய பெயரை மாற்றி அழைக்கலாமா என்பதுதான் கேள்வி. ஆறுகள் பல, கடல் ஒன்று என்பார்கள். உண்மையே. ஆனால் தாகம் கொண்டவன் குடிப்பது ஆற்றின் நீரைத்தான். ரவி நதிக்கரைக் கர்த்தார்பூரில் கலப்பை பிடித்துக்கொண்டு நாமத்தைப் பாடிய நானக்கின் நீருக்கு ஒரு தனிச்சுவை உண்டு. அதைக் கடல்நீர் என்று சொல்லி எவர் கையிலும் கொடுக்க வேண்டியதில்லை. பிறர் பெயரை அழியாமல் காத்த மறையைப் போற்றுவோர், அந்த மறைக்குரியவர்களின் பெயரை மட்டும் அழித்துவிடுவது எந்த வகையில் நியாயமாகும்?

தான் ஏற்காத ஒன்றுக்காக எழுந்து நிற்பது குருமார்களுக்கு மட்டுமே இயலும் என்றும் எண்ண வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குரு கோவிந்த் சிங்கின் இளைய புதல்வர்களான ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும் சர்ஹிந்தில் பிடிபட்டனர். மூத்தவனுக்கே ஏறத்தாழ ஒன்பது வயதுதான். மதம் மாற மறுத்ததால் அவர்களை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டுமாறு சர்ஹிந்த் நவாபு வஸீர் கான் ஆணையிட்டார். அந்த அவையில் இருந்த மலேர்கோட்லா நவாபு ஷேர் முகம்மது கான் எழுந்து, பச்சிளம் பாலகர்களைக் கொல்வது இஸ்லாத்தின் நெறிக்கு ஒவ்வாது என்று எதிர்த்துப் பேசினார். அவர் குருவின் நண்பர் அல்லர். குருவுக்கு எதிரான போரில் முகலாயர் பக்கம் நின்றவர். சீக்கியத்தின் எந்தக் கொள்கையையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய சொல் எடுபடவுமில்லை; சிறுவர்கள் கொல்லப்பட்டனர்.

செய்தி அறிந்த குரு அந்த நவாபை வாழ்த்தினார் என்று சீக்கிய மரபு கூறுகிறது. 1947-இல் பிரிவினையின்போது பஞ்சாப் முழுவதும் குருதியில் நனைந்தது; இரு பக்கமும் கொடுமைகள் நடந்தன. முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்ந்த மலேர்கோட்லா மட்டும் தாக்கப்படவில்லை. சுற்றிலும் இருந்த சீக்கியர்கள், இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் அவையில் எழுந்து சொன்ன சொல்லை நினைவில் வைத்திருந்தனர். இன்று அந்த ஊரில் ஒரு குருத்வாரா இருக்கிறது. 'ஹா தா நாரா' என்பது அதன் பெயர். 'ஐயோ' என்று எழுந்த குரல் என்று அதற்குப் பொருள்.